தராசு ஏறாத பன்றி

வடகிழக்கு மாநிலங்களில் பன்றிக்குத் தட்டுப்பாடு என்றால் யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். 2019ஆம் ஆண்டின் 20வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த பன்றிகள் சுமார் 90 லட்சம். அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்கில்தான். அசாமில் மட்டும் 21 லட்சம். நாகாலாந்தின் மலைக்கிராமங்களில், வீட்டுக்குப் பின்னால் மூங்கிலும் பலகையும் சேர்த்து அடித்த பட்டியும் அதில் ஒன்றிரண்டு பன்றியும் சாதாரணக் காட்சி. அப்படியிருந்தும் கொஹிமாவிலும் திமாப்பூரிலும் கறிக்கடைகளுக்கு உள்ளூர்ப் பன்றி போதவில்லை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் லாரி ஏறும் பன்றிகள் கௌகாத்தி வழியாக அங்கே வந்து இறங்குகின்றன. பஞ்சாபிலிருந்து என்றால் அது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம்.

இங்கே கறி வாங்க ஆள் இருக்கிறது, நல்ல விலையும் இருக்கிறது. பன்றி வளர்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாத லட்சக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. இருந்தும் வாங்குபவரின் பணம் இந்தக் குடும்பங்களைத் தாண்டி எங்கோ போகிறது. உகாண்டாவிலும் கென்யாவின் மேற்கு மாவட்டங்களிலும் வியட்நாமிலும் சிறு பன்றி வளர்ப்பாளர்களின் கதையைப் படித்தால், ஊர்ப் பெயரை மாற்றினால் போதும் என்று தோன்றும் அளவுக்கு இதே சிக்கல். ‘ஏழை விவசாயிக்குச் சந்தை வாய்ப்பு’ என்ற சொற்றொடரைத் திட்ட அறிக்கைகள் ஓயாமல் சொல்கின்றன. சந்தை அவர்கள் வாசலில்தான் நிற்கிறது. அந்தச் சந்தைமுன் எந்த நாளில், எந்த நிலையில், யாரை நம்பி அவர்கள் நிற்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விற்கும் நாளைத் தீர்மானிப்பது யார்?

இரண்டு பன்றி வைத்திருப்பவருக்கு அது தொழில் அல்ல, உண்டியல். தவிடும் சேம்பு இலையும் சமையல் மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் போகின்றன. பணம் தேவைப்படும் நாளில் உடைக்கிறார்கள். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, ஒரு சாவு. உகாண்டாவில் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் பள்ளி திறக்கும்போது கிராமங்களில் பன்றிகள் அதிகமாக விற்பனைக்கு வருவது ஊரறிந்த விஷயம். தரகருக்கும் அது தெரியும். எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க வந்தால் விலையை யார் வைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

தரகரைக் கொள்ளைக்காரராகவே காட்டி எழுதுவது சுலபம். நான் அப்படி எழுத விரும்பவில்லை. மலைச்சாலையில் ஒரு பன்றிக்காக வண்டி எடுத்து வருபவருக்கு டீசல் செலவு இருக்கிறது. வழியில் பன்றி செத்தால் நட்டம் அவருடையது. நாள் முழுக்கச் சுற்றி நான்கு வீட்டில் நான்கு பன்றி பிடித்தால்தான் வண்டி நிறையும். உகாண்டாவில் பல தரகர்களுக்கு வண்டிகூடக் கிடையாது; உயிருள்ள பன்றியை மோட்டார் சைக்கிளின் பின்னால் குறுக்கே கட்டிக்கொண்டு போகிறார்கள். இந்தச் செலவு எல்லாம் கடைசியில் வளர்த்தவரின் விலையில்தான் கழிகிறது. ஒரே ஊரில் இருபது பெண்கள் சேர்ந்து, குட்டியை ஒரே மாதத்தில் வாங்கி, ஒரே வாரத்தில் நாற்பது பன்றியை விற்பனைக்கு நிறுத்தினால் இந்தக் கணக்கு அடியோடு மாறிவிடும். வியாபாரி வண்டியோடு அவர்களைத் தேடி வருவார், ஒருவருக்கு இருவராகவும் வருவார்கள்.

இதற்கு நாள்காட்டி வேண்டும். நாகாலாந்திலும் மிசோரமிலும் பன்றிக்கறி உச்ச விலைக்குப் போவது கிறிஸ்துமஸ் காலத்தில். இரண்டு மாதக் குட்டியை வாங்கி வீட்டுத் தீனியில் வளர்த்து 80 கிலோவைத் தொட எட்டு முதல் பத்து மாதம் ஆகும். அப்படியானால் குட்டி பிப்ரவரி, மார்ச்சில் பட்டிக்கு வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் குட்டி கிடைக்கிறதா? பெரும்பாலும் இல்லை. பட்டி வைத்திருப்பவர்களில் பலர் கறிக்காக வளர்ப்பவர்களே. சினைப்பன்றி வைத்துக் குட்டி எடுப்பவர் குறைவு. வாரச்சந்தையில் மூங்கில் கூடையில் வைத்து விற்கும் குட்டிக்குத் தாய் எது, தகப்பன் எது, தடுப்பூசி போட்டார்களா என்று எந்தத் தகவலும் கிடையாது. ஊரில் இருக்கும் ஒரே ஆண்பன்றியைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தும்போது தகப்பனும் மகளுமே சேர்ந்துவிடுவது உண்டு. குட்டிகள் சிறுத்துப் போகின்றன. கௌகாத்தியை அடுத்த ராணியில் 2002 முதல் இயங்கும் தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம், செயற்கைக் கருவூட்டலைக் கிராமத்துக்குக் கொண்டுபோக முயன்றுவருகிறது. மாட்டு விந்தைப் போலப் பன்றி விந்தை உறைய வைத்து ஆண்டுக்கணக்கில் சேமிக்க முடிவதில்லை. 17 டிகிரி வெப்பத்தில் வைத்து, சில நாட்களுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். மலைச்சாலையில் மண்சரிந்து இரண்டு நாள் போக்குவரத்து நின்றால் அந்தப் பருவம் போனதுதான். இந்த ஒரு காரணத்தாலேயே ஊருக்கு ஊர் நல்ல ஆண்பன்றி ஒன்றைக் குழுவின் பொதுச்சொத்தாக வைத்துப் பராமரிப்பதும் தேவைப்படுகிறது.

அறுபது கிலோவா, எழுபத்திரண்டு கிலோவா?

விற்பனை நடக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். வியாபாரி பட்டியின் பலகை மேல் கையூன்றி எட்டிப் பார்க்கிறார். குச்சியால் முதுகைத் தட்டுகிறார். படுத்திருந்த பன்றி எழுந்து ஒரு சுற்று வருகிறது. ‘அறுபது கிலோ தேறும்’ என்கிறார். நாள் ஒன்றுக்குப் பல பன்றியை அறுத்துப் பார்த்த கண் அது. கறி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியும். எதிரில் நிற்பவரோ வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்பவர். ‘எழுபது இருக்காதா?’ என்று கேட்கலாம். அதற்கு மேல் வாதாட அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை.

தையற்காரரின் டேப் ஒன்று இருந்தால் ஆதாரம் வந்துவிடும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. இரண்டு காதுக்கும் நடுவிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை முதுகோடு ஓர் அளவு. இரண்டையும் மீட்டரில் எழுதிக்கொள்ள வேண்டும். நெஞ்சளவை நெஞ்சளவாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, கடைசியில் 69.3ஆல் பெருக்கினால் உயிர் எடை கிலோவில் கிடைக்கும். நெஞ்சு 1.04 மீட்டர், நீளம் 0.96 மீட்டர் என்றால் 72 கிலோ. உயிர் எடை கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ‘அறுபது’ என்ற அந்த ஒரு சொல்லில் 2,400 ரூபாய் கைமாறிப் போயிருக்கும். பத்து மாதம் தினமும் தீனி வேக வைத்த உழைப்பின் லாபமே சில வீடுகளில் அவ்வளவுதான்.

சீமைப் பன்றிக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு நாட்டு ரகங்களுக்குச் சில கிலோ முன்னே பின்னே போகும். அதனால்தான் மேற்குக் கென்யாவில் ஆய்வாளர்கள் உள்ளூர்ப் பன்றிகளையே தராசில் நிறுத்தி, டேப்பில் அளந்து, அந்த ஊருக்கென்று தனிக் கணக்கு உருவாக்கினார்கள். அங்கே வளர்ப்பவர்கள் கண்ணால் சொன்ன எடைக்கும் தராசு காட்டிய எடைக்கும் நல்ல இடைவெளி இருந்தது. நம் வடகிழக்கில் நாகாலாந்தின் தென்யி வோ, மேகாலயாவின் நியாங் மேகா, மிசோரமின் ஸோவாக் என்று பதிவுபெற்ற நாட்டு இனங்களே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கிலோ அச்சிட்ட ஒரு டேப் தயாரித்து, மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ஒன்று கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? கோடிக்கணக்கில் கட்டடம் கட்டும் திட்டங்களைவிட இதை நான் மேலாக நினைக்கிறேன்.

மகளிர் குழு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பன்றி வளர்ப்பில் வேலை பெண்ணுடையது. காலையில் சேம்பு இலை, கிழங்குக் கொடி, காட்டுக்கீரை சேகரிக்கப் போக வேண்டும். திரும்பி வந்து, நறுக்கி, பெரிய பானையில் தவிட்டோடு சேர்த்து வேக வைக்க வேண்டும். அரிசி மது வடித்த சக்கை இருந்தால் அதுவும் சேரும். அந்தப் பானைக்கு விறகு வேண்டும். சேம்பைப் பச்சையாகக் கொடுத்தால் பன்றிக்குத் தொண்டை அரிக்கும் என்பதால் வேக வைக்காமல் தப்ப வழியில்லை. உகாண்டாவிலும் கென்யாவிலும் சர்க்கரைவள்ளிக் கொடியையும் கிழங்கையும் காற்றுப் புகாமல் பையில் அடைத்துப் புளிக்க வைத்துத் தீனியாக்கும் முறையைப் பரப்பியிருக்கிறார்கள். தினமும் அடுப்பு மூட்டும் வேலை அதில் இல்லை. அங்கும் தீனி கொடுப்பது பெண், விலை பேசுவது ஆண் என்பதே வழக்கம். எடையை எழுதிக் கையில் வைத்திருக்கும் பெண்ணிடம் வியாபாரியும் வேறு மாதிரிப் பேசுவார், வீட்டுக்காரரும் வேறு மாதிரிப் பேசுவார்.

காய்ச்சல் வந்தால்

இதுவரை சொன்னது எல்லாம் பன்றி உயிரோடு இருக்கும்வரை. 1921ல் கென்யாவில் மான்ட்கொமரி என்ற கால்நடை மருத்துவர் முதன்முதலாக விவரித்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், 2007ல் ஜார்ஜியா நாட்டுக்குள் நுழைந்து, 2018 ஆகஸ்டில் சீனாவைப் பிடித்து, 2019 பிப்ரவரியில் வியட்நாமுக்கு வந்தது. அந்த ஓர் ஆண்டில் வியட்நாம் கிட்டத்தட்ட 60 லட்சம் பன்றிகளை அழித்தது. 2020ல் அருணாசலமும் அசாமும். 2021 மார்ச்சில் பங்களாதேஷ் எல்லையை ஒட்டிய லுங்சென் கிராமத்தில் தொடங்கி மிசோரம் முழுக்கப் பரவி, அந்த ஆண்டில் மட்டும் 33,000க்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்றது. மனிதருக்கு இந்த நோய் தொற்றாது. 2009ல் நாம் பயந்த பன்றி ஃப்ளூ காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பட்டிக்குள் புகுந்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

சந்தைப் பிரச்சினையும் நோய்ப் பிரச்சினையும் வெவ்வேறு துறையின் கோப்புகளில் இருக்கின்றன. கிராமத்தில் அவை ஒன்றுதான். உகாண்டா, கென்யா எல்லையில் ஆய்வாளர்கள் கண்டது இது: பக்கத்து ஊரில் பன்றி சாகிறது என்று கேள்விப்பட்டதும் வளர்ப்பவர்கள் அவசர அவசரமாக விற்கிறார்கள். தீனி எடுக்காமல் படுத்த பன்றியும் அன்றே விலை போகிறது. பாதி விலை கிடைத்தாலும் மிச்சம். தரகர் அதைக் கயிற்றில் கட்டி வண்டியில் ஏற்றுகிறார். அதே கயிறு, அதே செருப்போடு அடுத்த பட்டிக்குள் இறங்குகிறார். வைரஸ் ரத்தத்திலும் சாணத்திலும் கறியிலும் உயிர்வாழும். அடுப்புக்கு மேல் தொங்கவிட்ட புகைக்கறியிலும் தாக்குப்பிடிக்கும். இப்படி விற்பவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. நோயைச் சொன்னால் எல்லாம் போகும், சொல்லாமல் விற்றால் பாதியாவது வரும் என்ற நிலையில் அவர்களை நிறுத்தியிருப்பது நாம்.

அந்த நிலையை மாற்றக்கூடியது இழப்பீடு. இந்தியாவில் நோய் கண்ட இடத்தைச் சுற்றி அரசு அழிக்கும் பன்றிக்கு, எடையைப் பொறுத்து 15,000 ரூபாய் வரை, மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்து கொடுக்கின்றன. அழித்ததற்குத்தான் அந்தப் பணம். நோயில் தானாகச் செத்ததற்குக் கிடையாது. ஊழியர் வந்து சேருவதற்குள் செத்துவிட்டால் கணக்கில் இல்லை. வரும் பணமும் உடனே வருவதில்லை. இதைத் தெரிந்துவைத்திருக்கும் குடும்பம் அடுத்த முறை கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுமா, தரகருக்குப் போன் செய்யுமா?

மற்றொரு நோயின் கதை இன்னும் வருத்தம் தருவது. பழைய பன்றிக் காய்ச்சல், அதாவது கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர். இதற்குத் தடுப்பூசி பல பத்தாண்டுகளாகவே உண்டு. இந்தியாவில் அதை முயலின் மண்ணீரலிலிருந்து எடுத்தார்கள். ஒரு முயலைக் கொன்றால் 50 டோஸ். நாட்டுக்கு ஆண்டுக்கு 2 கோடியே 20 லட்சம் டோஸ் வேண்டியிருந்தபோது தயாரானது 12 லட்சம். தடுப்பூசி வேண்டும் என்று வளர்ப்பவர் கேட்டாலும் கையில் இல்லை என்பதே பதில். இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், முயலே தேவைப்படாமல் ஆய்வகச் செல்களில் வளர்க்கும் தடுப்பூசியை உருவாக்கி 2020ல் வெளியிட்டது. ஒரு டோஸ் 2 ரூபாய்க்கும் குறைவான செலவில் தயாரிக்கலாம் என்றது. விஞ்ஞானிகள் தங்கள் வேலையைச் செய்து முடித்துவிட்டார்கள். அந்த 2 ரூபாய் மருந்து கெட்டுப்போகாமல், ஐஸ் பெட்டியில், நாகாலாந்தின் மோன் மாவட்டத்து மலைக்கிராமத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த ஊரிலேயே ஒரு இளைஞரையோ பெண்ணையோ பயிற்றுவித்து, ஊசிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கவிட்டால் நடக்கும். நாகாலாந்தில் சர்வதேசக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் சில ஊர்களில் இப்படி ஆட்களைத் தயார் செய்து காட்டியிருக்கிறது.

நோய் வந்ததும் ஒவ்வொரு மாநிலமும் எல்லையை மூடுகிறது. 2022 ஜூலையில், வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியான அதே மாதத்தில், கேரளம் வெளிமாநிலப் பன்றிக்குத் தடை போட்டது. கேரளச் சந்தையை நம்பியிருந்த தமிழ்நாட்டுப் பண்ணைகள் தவித்தன. நோயைத் தடுக்க எல்லையை மூடத்தான் வேண்டும். ஆனால் தடை இருக்கும் மாதங்களில் தீனிச் செலவு நிற்பதில்லை. நோயில்லாத கிராமத்தைப் பரிசோதித்து, சான்று கொடுத்து, அங்கேயே அறுத்துக் கறியாக வெளியே அனுப்ப வழி செய்தால் வளர்ப்பவர் தாக்குப்பிடிப்பார்.

அதற்கு ஒழுங்கான அறுப்புக்கூடம் வேண்டும், வடகிழக்கில் அது அபூர்வம். சாலையோரம் அறுத்து, மயிரைத் தீயில் பொசுக்கி, மரக்கட்டையில் வெட்டிப்போடுகிறார்கள். உகாண்டாவின் கம்பாலாவில் நலுகொலொங்கோ பகுதியில் வம்பிஸி என்ற பன்றி வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் அறுப்புக்கூடம் நடத்துகிறது. கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பன்றி கொண்டுவருபவருக்கு அங்கே அறுக்கலாம், எடை போடலாம், கால்நடை மருத்துவரின் முத்திரை கிடைக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. கம்பாலாவின் கறி முழுவதும் அந்தக் கதவு வழியாகப் போவதும் இல்லை. ஆனால் வளர்ப்பவர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் ஒரு கதவு அங்கே இருக்கிறது. அசாமில் உலக வங்கி உதவியோடு நடந்த ‘அபார்ட்’ திட்டம் கறிக்கடைக்காரர்களை விரட்டாமல், அவர்களுக்கே பயிற்சியும் கடையைச் சீரமைக்க உதவியும் கொடுத்தது. அதுவும் சரியான பாதைதான்.

மருத்துவ முத்திரை எதற்கு என்று கேட்பவர்கள் மேற்குக் கென்யாவில் பன்றி வாங்குபவரைப் பார்க்க வேண்டும். பன்றியைச் சாய்த்து, வாய்க்குள் கட்டையைக் கொடுத்து, நாக்கை வெளியே இழுத்து, அடிப்பக்கத்தை விரலால் தடவுகிறார். நெல்மணி அளவுக் கொப்புளம் தட்டுப்பட்டால் நாடாப்புழுவின் இளம்புழுப்பை என்று அர்த்தம். பேரத்தை முறிக்கிறார், அல்லது விலையைக் குறைக்கிறார். அந்தப் பன்றி இன்னொருவரிடம் விலைபோய் யார் வீட்டுச் சட்டிக்காவது போகிறது. அந்தக் கறியால் குடலில் வளரும் புழுவின் முட்டை மனித வயிற்றுக்குள் போனால், இளம்புழு மூளைக்குள் கட்டியாகி வலிப்பு வரும்; நோய் நிலைத்துவிட்ட பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பன்றியை அடைத்து வளர்ப்பதும், வீட்டுக்குக் கழிப்பறை இருப்பதும், ஆக்ஸ்ஃபென்டசோல் மருந்தைப் பன்றிக்கு ஒரே வேளை கொடுப்பதும் இதைத் தடுக்கும். நாக்கில் கண்டுபிடிக்கும் தகவல் பேரத்துக்கு மட்டும் பயன்பட்டு, மருந்துக்குப் பயன்படாமல் போகிறது.

நூறு பெண்பன்றிகள்

2021ல் மாற்றியமைத்த தேசியக் கால்நடை இயக்கத்தில், 100 பெண்பன்றியும் 10 ஆண்பன்றியும் கொண்ட பண்ணை வைத்தால் செலவில் 50 சதவீதம், அதிகபட்சம் 30 லட்சம் ரூபாய் மானியம். மீதிக்கு வங்கிக் கடனோ சொந்தப் பணமோ காட்ட வேண்டும். நிலமும் காகிதமும் உள்ளவருக்கு நல்ல திட்டம், சந்தேகமில்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு பன்றி வைத்திருக்கும் பெண்ணுக்கு அதில் இடமில்லை. மலைநிலம் பல இடங்களில் ஊருக்கோ குலத்துக்கோ பொதுச்சொத்து. வங்கிக்குக் காட்டப் பட்டா இல்லை. மேகாலயா தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகத்திடம் கடன் பெற்று 209 கோடி ரூபாயில் பன்றி வளர்ப்பு இயக்கம் தொடங்கியது. கூட்டுறவு வழியே போனதால் சிறியவர்களையும் உள்ளே எடுக்க முடிந்தது. உகாண்டா 2022ல் ஒவ்வோர் ஊராட்சிப் பகுதிக்கும் 10 கோடி ஷில்லிங் சுழல்நிதி ஒதுக்கி, குடும்பத்துக்கு 10 லட்சம் ஷில்லிங் வரை கடன் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியதும் பலர் ஓடிப்போய்ப் பன்றிக்குட்டிதான் வாங்கினார்கள். பணம் கொடுத்தால் ஏழைக் குடும்பம் பன்றியைத் தேர்ந்தெடுக்கும் என்பது தெரிந்தது. குட்டியோடு தடுப்பூசியும் தீனி ஏற்பாடும் சேர்ந்து போகாவிட்டால் அந்தக் கடன் கழுத்தை இறுக்கும்.

வியட்நாம் 2023 ஜூலையில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கான தடுப்பூசியை நாடு முழுக்க விற்க அனுமதித்தது. உலகம் அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது இந்தியாவுக்கு எப்போது வரும், எந்த வடிவில் வரும் என்பதற்காக வடகிழக்கின் பெண்கள் காத்திருக்க முடியாது. இப்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன. மானிய விதியில் தனிப் பண்ணைக்குப் பதிலாக ஊர்க் குழுவின் பன்றிகளையும் கூட்டிக் கணக்கெடுக்க அனுமதிக்கலாம். ஊரில் முதலில் நோயைச் சொல்பவருக்கு, செத்த பன்றிக்கும் சேர்த்து, முழு இழப்பீடு என்று விதியைத் திருத்தலாம். அந்தப் பணத்துக்கு ஒரு கெடுவும் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பன்றியை இழந்த வீட்டுக்கு அடுத்த பிப்ரவரிக்குள் கையில் பணம் வந்தால்தான் சந்தையில் குட்டி வாங்கிப் பட்டியில் விட முடியும். மார்ச் தாண்டி வந்தால் அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு விற்க அவர்களிடம் பன்றி இருக்காது.